அளவுக்கு ஒரு மனிதன்

மலையை வரைவது அப்படியொன்றும் கடினமில்லை, ஐயா. வெயில் படும் பக்கம், நிழல் விழும் பக்கம், தூரத்துக்குக் கொஞ்சம் நீலம். பொறுமை உள்ள யாருக்கும் இரண்டு கோடைகாலத்தில் கைவந்துவிடும். கடினமானது அதன் அளவைச் சொல்வதுதான். பத்தடி அகலத் துணியில் பதினான்காயிரம் அடி உயர மலையைக் கொண்டுவந்து வைத்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆற்றங்கரையில் கிடக்கும் கூழாங்கல்லாகத் தெரியக்கூடும். பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்தும்வரை அது மலை ஆவதில்லை.

அதனால் இந்தத் தொழிலில் எல்லோருமே ஒரு மனிதனை வைப்போம். கட்டைவிரல் நகத்தில் பாதி உயரம் இருந்தால் போதும். துப்பாக்கியோடு ஒரு வேட்டைக்காரன், அல்லது போர்வை போர்த்திய ஒரு பூர்வகுடி. முகம் கிடையாது. தொப்பிக்கு ஒரு தொடுதல், சட்டைக்கு ஒன்று, கால்களுக்கு இரண்டு. நியூயார்க்கில் என் நண்பர்கள் பலர் இந்த ஆளை ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடியே மனத்திலிருந்து போட்டுவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பாறையை நேரில் பார்த்து வரைகிறவன், பாறைமேல் நிற்கிறவனை மட்டும் ஏன் கற்பனை செய்ய வேண்டும்? இருபத்தாறு வருடமாக என்னைப் பற்றி நல்ல வார்த்தை எழுதியவர்கள் எல்லோரும் எழுதியது இதைத்தான்: எப்ராயிம் வாட்லி பார்க்காத எதையும் வரைவதில்லை.

ஒரு சாவை விசாரிக்க நீங்கள் கொலராடோவிலிருந்து ஆறு நாள் ரயிலில் என் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறீர்கள். மிஸ் லவினா டாகெட் கொடுத்த புகார் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நான் அவளுடைய தம்பியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தால், அது தவறு. நான் அவனைத் தொடவேயில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருநூறு கஜ அகலத்துக்கு வெற்றுவெளி இருந்தது. மற்றதை நானே சொல்கிறேன். உங்கள் குமாஸ்தா நிதானமாக எழுதிக்கொள்ளட்டும். இந்த ஜன்னல் வடக்கு பார்த்தது, மூன்று மணிவரை வெளிச்சம் மாறாது.

ஓரின் டாகெட்டை நான் டோலிவர் என்ற சுரங்க ஊரில் வேலைக்கு அமர்த்தினேன். வெள்ளிச் சுரங்கத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு கோவேறு கழுதைகளோடு சும்மா இருந்தான். முப்பது வயது இருக்கும். சிவந்த தாடி, பெரிய குரல். ஆண் கழுதைக்கு ஜெனரல் என்றும் பெண் கழுதைக்கு விதவை என்றும் பெயர் வைத்திருந்தான். ஏன் ஜெனரல் என்று கேட்டேன். “பின்னாடியே நின்னுக்கிட்டு மத்தவங்கள முன்னாடி அனுப்புவான் சார்” என்றான். அவன் உள்நாட்டுப் போரில் இருந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் ஆகஸ்ட் கடைசியில், ஊரிலிருந்து ஒரு நாள் வழித் தூரத்தில், அடியில் ஆறு ஓடும் ஒரு மலைப்பிளவின் ஓரத்தில் கூடாரம் போட்டோம். சமையல் அவனுடையது. பீன்ஸ், பன்றி இறைச்சி, கரி மாதிரிக் காப்பி. முதல் நாள் மாலை நான் சாப்பாட்டுத் தட்டை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சார், அந்த மலை எங்கயும் எந்திரிச்சுப் போயிடாது. பீன்ஸ்தான் ஆறிப்போயிடும்” என்றான். மலை போகாது, அதன்மேல் விழும் வெளிச்சம் இன்னும் ஆறு நிமிடத்தில் போய்விடும் என்றேன். அவன் பீன்ஸை மென்றுகொண்டே சொன்னான்: “ஓடிப்போன கழுதையத் துரத்தியிருக்கேன். ஓடிப்போற வெயிலத் துரத்தறவர இப்பத்தான் பாக்கறேன்.”

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதைத் துரத்தினேன் என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது. சில நாட்களில், பிற்பகல் நாலரை மணிவாக்கில், மலைக்குப் பின்னால் புயல்மேகம் கட்டிக்கொண்டு நிற்கும். சிகரம் மைக்கருப்பாக இருக்கும். அதே நேரத்தில் மேற்கே சூரியன் மேகத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கிவிட்டால், வெளிச்சம் பள்ளத்தாக்குக்குள் பக்கவாட்டில் பாய்ந்து எதிர்ப்பாறை முழுவதையும் உலைக்குள் இருப்பதுபோலக் காட்டும். மேலே கருமை, கீழே நெருப்பு, நடுவில் ஆஸ்பென் மரங்களின் மஞ்சள். கால்மணி நேரம்தான். மூன்று கோடைகாலம் அதைத் தேடி அலைந்திருக்கிறேன். எனக்கு ஐம்பத்தோரு வயது. முந்தைய குளிர்காலத்தில்தான் என் வலது கண்ணில் மெல்லிய புகை படியத் தொடங்கியிருந்தது. பாஸ்டனில் ஒரு வைத்தியர் பார்த்துவிட்டு, இடது கண்ணுக்கும் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த கோடை என்று ஒன்று எனக்கு இருக்கிறதா என்பது அப்போது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் பத்தாம் தேதி அந்த வெளிச்சம் வந்தது. என் வண்ணங்கள் பெட்டிக்குள் இருந்தன. பார்த்துக்கொண்டு நின்றதோடு சரி.

மறுநாள் பதினோராம் தேதி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தோம். வெள்ளைக் குடையை விரித்து, பலகையை ஊன்றி, வண்ணத்தட்டில் ஈயவெள்ளையைப் பிழிந்து வைத்தாயிற்று. ஓரினை மதியமே எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டேன். ஆற்றின் மேல்போக்கில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன்மேல் நடந்து, மறுபக்கச் சரிவில் ஏறி, பாறை விளிம்புக்கு வர இரண்டு மணி நேரம். அவன் அங்கே நிற்பான், நான் வரைவேன். இருநூறு கஜத்தில் பேச முடியாது என்பதால் கைக்குட்டை அடையாளம் வைத்துக்கொண்டோம். வெள்ளை என்றால் இடதுபக்கம் நகர வேண்டும், சிவப்பு என்றால் வலதுபக்கம்.

அவன் விளிம்பில் வந்து நின்றதும் முதல் அட்டையில் வரையத் தொடங்கினேன். அவன் நின்ற இடத்தில் அவன் சட்டையும் பாறையும் ஒரே நிறமாக இருந்தன. நான் வெள்ளையைக் காட்டினேன். நகர்ந்தான். இன்னும் ஒருமுறை காட்டினேன். அவன் கால்வைத்த இடம் அவனோடு சேர்ந்து கீழே போயிற்று. சத்தம் அப்புறம்தான் வந்தது.

முப்பதடி கீழே ஒரு பாறைத்திட்டு இருந்தது. கட்டில் அகலம்தான். அதில் போய் விழுந்தான். பித்தளைத் தொலைநோக்கியில் பார்த்தேன், அசைந்தான். உடனே புறப்பட்டேன். மரத்தைக் கடந்து, சரிவேறி, ஆறரை மணிக்கு அவன் தலைக்கு மேலே விளிம்பில் படுத்து எட்டிப்பார்த்தேன். சுமை கட்டும் கயிற்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் தண்ணீர்க் குப்பியையும் ஒரு போர்வையையும் கொஞ்சம் ரொட்டியையும் கட்டி இறக்கினேன்.

“கால் ரெண்டா ஒடஞ்சிருச்சு சார். மத்ததெல்லாம் வேல செய்யுது. வாய் உட்பட” என்றான். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, “இங்கேருந்து பாத்தா உங்க மலை அவ்வளவு ஒண்ணும் பெருசா இல்ல” என்றான்.

அவனை நான் ஒருவனாக இழுத்து ஏற்ற முடியாது. அவன் என்னைவிட நாற்பது பவுண்டு கனம். அவனே அதைச் சொன்னான். “டோலிவர் போயி நாலு பேரக் கூட்டிட்டு வாங்க. ஜெனரல எடுத்துக்காதீங்க, பாதி வழியில நின்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவான். விதவை மேல போங்க. விடியக்காலம் கெளம்புனா பொழுதுசாயப் போய்ச் சேந்துடுவீங்க. மறுநாள் சாயங்காலம் நான் மேல வந்துடுவேன்.”

சரி என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி காலை விதவைக்குச் சேணம் கட்டினேன். வார் இழுத்து முடிச்சுப் போட்டதுவரை நினைவிருக்கிறது. நிமிர்ந்தபோது மலைக்குப் பின்னால் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. வழக்கமாக மதியத்துக்கு மேல் கட்டும் மேகம் அன்று காலை எட்டு மணிக்கே எழும்பிற்று. நீங்கள் மலைநாட்டுக்காரர், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: அன்று பிற்பகல் அந்த வெளிச்சம் வரும்.

நான் நின்று கணக்குப் போட்டேன். போகவர இரண்டு நாள். அதற்குப் பிறகு உடைந்த காலோடு ஒருவனைச் சுமந்துகொண்டு மறுபடி டோலிவர், அப்புறம் வேறொரு ஆளைத் தேடிப் பிடித்துத் திரும்பி வருவது. அதற்குள் ஆஸ்பென் இலை உதிர்ந்துவிடும், பனி விழுந்துவிடும். இன்னொரு பக்கம், அவனிடம் தண்ணீர் இருந்தது, போர்வை இருந்தது, ரொட்டி இருந்தது. காலில்தான் முறிவு. ஒரே ஒரு பிற்பகல் தாமதித்தால் அவனுக்கு ஒரு நாள் கூடுதல் வலி. எனக்கோ மிச்ச வாழ்நாள் முழுவதும் அதில் இருந்தது. இதை நியாயமாக எடைபோட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் போட்டேன்.

சேணத்தை அவிழ்க்கவில்லை. பாவம், அந்தக் கழுதை அன்று முழுவதும் சேணத்தோடு நின்றது.

நாலு நாற்பதுக்கு வெளிச்சம் வந்தது. அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது. கை தானாக வேலை செய்தது. ஓரினுக்குக் குடை தெரிந்திருக்க வேண்டும். நாள் கணக்குத் தவறி, நான் போய்விட்டுத் திரும்பிவிட்டேன் என்று நினைத்தானா, வழியில் யாரையாவது பிடித்துவிட்டேன் என்று நினைத்தானா தெரியாது. முதுகைப் பாறையில் சாய்த்து உட்கார்ந்தபடி இடது கையைத் தூக்கினான். ஏதோ கூப்பிட்டான். காற்று என் பக்கத்திலிருந்து அடித்தது, சொல் எதுவும் வந்துசேரவில்லை. நான் கேட்க முயலவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் சரி.

முந்தைய நாள் விளிம்பில் நின்றபோது அவன் யாருடைய படத்திலும் நிற்கக்கூடிய ஒரு ஆளாக இருந்தான். இப்போது அப்படியில்லை. அவ்வளவு பெரிய நெருப்புச்சுவரின் நடுவே, அவ்வளவு சிறிய ஒரு கை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மலை எவ்வளவு பெரியது என்று எனக்கே தெரிந்தது.

அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். தூங்கினேன். நல்ல வேலை செய்த நாளில் எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

பதின்மூன்றாம் தேதி மறுபடியும் அதே மேகம். முந்தைய நாள் படத்தில் கீழ்ப்பாறையின் சிவப்பு சரியாக அமையவில்லை. இன்னும் ஒரு பிற்பகல் கிடைத்தால் அது முடிந்துவிடும் என்று தோன்றியது. அன்று காலை குடையை ஒரு ஃபிர் மரத்துக்குப் பின்னால் தள்ளிப்போட்டேன். கண்கூசுவதால் செய்தேன். மறைவதற்கு என்று நீங்கள் நினைக்க இடமிருக்கிறது, ஆனால் அந்த எண்ணம் எனக்கு இருந்ததாக நினைவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்றால், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ஏறியிறங்கினால் கை நடுங்கும். நடுங்கும் கையால் விளிம்புக்கோடு போட முடியாது. அன்று மாலை அவன் கையைத் தூக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். பழுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். அப்படியே வரைந்தேன்.

இந்தச் சிறிய படங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இங்கே வந்திருப்பதே அவற்றால்தான். வெளியில் வைத்து வரைவது எப்போதும் சிறிய அட்டையில். பெரிய துணி பிறகு, ஸ்டூடியோவில். எந்த அட்டை எந்த நாள், எந்த மணி என்று தெரியாவிட்டால் ஆறு மாதம் கழித்து வெளிச்சங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே, தூரிகையின் கட்டைப்பக்கத்தால் தேதியையும் மணியையும் கீறிவைப்பேன். காய்ந்த பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. இருபத்தாறு வருடப் பழக்கம். சாப்பிட்டதும் கை கழுவுவதுபோல.

பதினைந்தாம் தேதி காலை டோலிவருக்குப் போனேன். மூன்று சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள். பதினாறாம் தேதி மாலை அவனை மேலே ஏற்றினோம். இறந்திருந்தான். எப்போது விழுந்தான் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களில் வயதானவர் தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தார். திரும்ப மூடி, அவன் பக்கத்திலேயே வைத்தார். என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் சேணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மாசசூசெட்ஸில் அவனுக்கு ஒரு அக்கா இருப்பது அவன் பையில் இருந்த கடிதத்திலிருந்து தெரிந்தது. நூற்பாலையில் வேலை செய்கிறவள். அவளுக்கு எழுதினேன். செப்டம்பர் பதினோராம் தேதி உன் தம்பி பாறையிலிருந்து விழுந்தான், விழுந்த நொடியே உயிர் பிரிந்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று. தேதியை ஏன் மாற்றி எழுதவில்லை என்று பின்னால் என்னை நானே கேட்டுக்கொண்டதுண்டு. தேதி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. அவள் மனம் ஆறட்டும் என்று எழுதிய கடிதம் அது.

பெரிய படத்துக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. பிராட்வேயில் ஒரு கூடம் எடுத்து, கறுப்புத் திரை தொங்கவிட்டு, எரிவாயு விளக்கொளியில் அதை மட்டும் தனியாக வைத்தோம். வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு தகரக் குழாய் வழியாகப் படத்தை இடம் இடமாகப் பார்ப்பார்கள். ஜனங்கள் அழுதார்கள், ஐயா. மலைக்காக யாரும் அழவில்லை. அந்தக் கைக்காக அழுதார்கள். படைத்தவனுக்கு வணக்கம் செலுத்தும் கை என்று பத்திரிகைகள் எழுதின. புரூக்ளினில் ஒரு போதகர் அந்தக் கையைப் பற்றியே ஞாயிறு பிரசங்கம் செய்தார். காட்டில் தன்னந்தனியாக நிற்கும் மனிதனும் ஆண்டவர் முன்னால் தனியானவன் இல்லை என்று அவர் சொன்னாராம்.

சிலர் மட்டும் இப்படி ஒரு வெளிச்சம் உலகத்தில் கிடையாது என்றார்கள். கூடத்தை நடத்திய ஃபெல்ப்ஸுக்கு அது பொறுக்கவில்லை. “அந்த நாலு அட்டையையும் பக்கத்துச் சுவத்துல மாட்டிடுவோம் மிஸ்டர் வாட்லி. தேதி இருக்கு, மணி இருக்கு. இதுக்கு மேல எவன் வாயத் தெறப்பான்?” என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அப்போது பெருமையைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான் பார்த்ததைத்தான் வரைந்தேன் என்பதற்கு அவை சாட்சி. அதே சாட்சி இன்னொன்றுக்கும் பயன்படும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மிஸ் டாகெட் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். சாம்பல் நிற உடை, ஆலைப்பஞ்சு கழுவியும் போகாத தலைமுடி. ஓரின் கடைசியாக வேலைபார்த்த மனிதரின் படம் என்று யாரோ சொல்லி, இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். தகரக் குழாயை வெகுநேரம் ஒரே இடத்தில் பிடித்திருந்தாள். பிறகு பக்கத்துச் சுவருக்குப் போனாள். ஒவ்வொரு அட்டைக்கு முன்னாலும் நின்றாள். நான் அவள் யாரென்று தெரியாமல், வழக்கமாகப் பார்வையாளர்களிடம் பேசுவதுபோலப் போய்ப் பேசினேன்.

அந்தக் கை எனக்கு அடையாளம் தெரிகிறது என்றாள். சின்ன வயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து, ஓரினுக்கு இடது முழங்கை உடைந்து, வெளிப்பக்கமாகக் கோணி ஒட்டிக்கொண்டதாம். தூக்கினால் முழுக்க நீளாது, ஒரு பக்கம் சாய்ந்து நிற்குமாம். பிறகு கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து விரித்துக் காட்டினாள்.

“பதினோராம் தேதி, விழுந்த நொடியே போயிட்டான்னு எழுதியிருக்கீங்க” என்றாள். குரலை உயர்த்தவேயில்லை. “பன்னெண்டாம் தேதி கையத் தூக்கிட்டு இருக்கான்.”

நான் கயிற்றைப் பற்றிச் சொன்னேன். தனி ஆளாக இழுக்க முடியாது என்றேன்.

“கழுத இழுக்காதா?”

கழுதைகள் இந்தப் பக்கம் இருந்தன, ஆற்றைச் சுற்றிக் கொண்டுபோக அரை நாள் ஆகும் என்றேன்.

“அர நாள்தான?” என்றாள்.

ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணம்வரை எனக்கு அது தோன்றியதேயில்லை. ஒரு கழுதை, ஒரு கயிறு, அரை நாள். டோலிவருக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. நான்கு நாட்கள் அந்தக் கழுதைகள் என் முதுகுக்குப் பின்னால் நின்று புல் தின்றுகொண்டிருந்தன. நான் திரும்பிப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். நான் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கடைசி இரண்டு அட்டைகளுக்கு முன்னால் போய் நின்றாள். “இன்னொண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பதிமூணாம் தேதி படுத்துட்டான். கையில தெம்பு இல்ல, விட்டுட்டான். பதினாலாம் தேதி ஏன் எந்திரிச்சான்? முன்னவிட உசரமா ஏன் தூக்கியிருக்கான்?”

நான் ஃபெல்ப்ஸுக்குச் சைகை காட்டினேன். ஃபெல்ப்ஸ் வந்து அவளை மரியாதையாக வெளியே கூட்டிப்போனார். அவள் புகார் கொடுத்தது அந்தப் பதிலுக்காகத்தான் என்று நினைக்கிறேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன், அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

பதினான்காம் தேதி காலையிலேயே எனக்குப் படம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மேகம், பாறை, மரம், எல்லாம். அந்தக் கை ஒன்றுதான் உறுத்தியது. பன்னிரண்டாம் தேதி அவசரத்தில் போட்டது. முழங்கை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரும் அப்படிக் கை தூக்கமாட்டார்கள். ஸ்டூடியோவுக்குப் போனதும் என் கை தவறு செய்துவிட்டது என்று நினைத்து நானே அதைத் திருத்தி நேராக்கிவிடுவேன் என்று பயந்தேன். அப்புறம் அது யாருடைய கையாகவும் ஆகிவிடும். நான் பார்க்காததை வரைந்தவன் ஆகிவிடுவேன். மறுபடி ஒருமுறை அதைப் பார்த்தாக வேண்டும். அவனோ படுத்தே இருந்தான். தொலைநோக்கியில் பார்த்தால் போர்வை மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கிற்று.

நாலேகால் மணிக்குக் காற்று நின்றது. வெளிச்சம் வரப்போகிறது என்று தெரிந்தது. நான் குடையை மரத்தின் பின்னாலிருந்து எடுத்து அவன் கண்ணில் படும்படி வெளியே வைத்தேன். விளிம்புக்குப் போய், வாயருகே கைகளைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

“ஓரின், டோலிவர்லேருந்து ஆளுங்க வந்துட்டாங்க. நீ எங்க இருக்கன்னு அவங்களுக்குத் தெரியல. கையத் தூக்கு.”

முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை போர்வை விலகியது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு தூக்கினான். முன்பைவிட உயரமாக, விரல்களை விரித்து. முழங்கை சாய்ந்துதான் இருந்தது. நான் முதலில் போட்டது சரி.

அவன் ஏதோ கேட்டான். காற்று இல்லாததால் இந்தத் தடவை கேட்டது. “எத்தன பேரு சார்?”

“நாலு பேர்” என்றேன்.

சிரித்தான் என்று நினைக்கிறேன். கை இறங்கத் தொடங்கியது. பார்த்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம், கீழே போடாதே என்று சொன்னேன். மறுபடி தூக்கினான். வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பதினோரு நிமிடம். கடிகாரம் பெட்டிமேல் திறந்து இருந்தது. நான் அவசரப்படவில்லை, அவசரப்பட்டிருந்தால் அவன் பட்ட சிரமம் வீணாகியிருக்கும். வெளிச்சம் போன பிறகு மூலையில் தேதியையும் மணியையும் கீறினேன். தூரிகைகளைக் கழுவினேன். ஈயவெள்ளை காய்ந்துவிட்டால் முடி பிரிந்துபோகும். நிமிர்ந்து பார்த்தபோதும் கை தூக்கியபடியேதான் இருந்தது. யாரும் வரவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் போர்வை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் விதவைக்குச் சேணம் கட்டினேன்.

இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எந்தப் பெயர் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று. மிஸ் டாகெட் தன் புகாரில், அவனைத் தன்னந்தனியாகச் சாகவிட்டேன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த நான்கு நாளும் வெளிச்சம் இருந்த நேரம் முழுக்க நான் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பெற்ற தாய்கூட அவனை அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கமாட்டாள்.